அடிக்கிற கையும் மறுக்கிற கையும்

பறையை விட்டுத் தொலைக்கணும் என்பது ஒரு பேச்சு. பறையைத் தூக்கி ஆடணும் என்பது இன்னொரு பேச்சு. சமயநல்லூர்ப் பக்கம் நம்ம ஆளுககிட்ட இரண்டும் உண்டு. ஒரே வீட்டில் அப்பன் ஒன்றும் மகன் ஒன்றும் பேசுவதுண்டு. இதில் எது விடுதலை?

விடச் சொல்கிறவன் பயந்தவன் இல்லை. ஊருக்குள் சாவு விழுந்தால் ராத்திரியோ மழையோ போயாகணும். கூலி, அவர்கள் கொடுப்பதுதான். வரமாட்டேன் என்றால் வேலை நிற்கும், பாதை அடைபடும், அடி விழும். 1927-ல் மகாடில் அம்பேத்கர் செத்த மாட்டை இழுப்பதை விடச் சொன்னார். பறையை விட்டவர்களின் நியாயமும் அதுதான். எந்தத் தொழிலிலும் இழிவில்லை என்று நமக்கு உபதேசிக்கிறவன், அந்தத் தொழிலைத் தன் பிள்ளைக்குக் கொடுப்பானா?

தூக்கி ஆடுகிறவர்களிடமும் நியாயம் இருக்கிறது. பக்கத்து அலங்காநல்லூர் வேலு ஆசானைப் பாருங்கள். பறையைத் தோளில் மாட்டி, அடிக்குச்சியும் சிம்புக்குச்சியும் பிடித்து, அடிக்கு அடி காலை மாற்றி ஆடுகிறவர். சமர் கலைக்குழுவில் ஆட்டம் அமைக்கிறவர், பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறவர். 2025-ல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். திண்டுக்கல்லில் 1990-ல் தொடங்கிய சக்தி மையத்தில் தலித் பெண்கள் பறையடித்து ஆடுகிறார்கள். ஆம்பளைக் கருவி என்றிருந்த வழக்கமும் அங்கே உடைந்தது.

சரி, விருது வந்தாச்சு. இழிவு போயிருச்சா? அதே தோல், அதே குச்சி, அதே அடி. மேடையில் அடித்தால் கலை, ஊர்ச் சாவில் அடித்தால் ஊழியம் என்கிறார்கள். அப்படியானால் நம்ம தாத்தன் கலைஞன் இல்லையா? இன்று மேடையேறும் அடிகளைக் காப்பாற்றி வைத்திருந்தது அவன்தானே! கலை அவனிடம் இருந்தது. 'மாட்டேன்' என்று சொல்லும் உரிமை இல்லை. மேடைக்குக் கூப்பிட்டால் இன்று முடியாது என்று சொல்லலாம், சொன்னால் குடிசை எரியாது. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. பறையை விட்டவனும் அதை எடுத்து ஆடுகிறவனும் ஒரே உரிமையைத்தான் கேட்கிறார்கள்.

இப்போது பறை கற்க எல்லாச் சாதிப் பிள்ளைகளும் வருகிறார்கள். வரட்டும். ஆனால் சதிருக்கு நடந்ததை மறக்கக்கூடாது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்ற ருக்மிணி தேவி 1935-ல் மேடையேறினார், 1936-ல் கலாக்ஷேத்ரா வந்தது. ஆட்டத்துக்குப் பரதநாட்டியம் என்று மரியாதை கூடியது. தலைமுறை தலைமுறையாய் அதை ஆடிவந்த பெண்களோ மேடைக்கு வெளியே நின்றார்கள். ஆட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஆட்களை விட்டுவிடுகிற வித்தை இந்த நாட்டுக்குத் தெரியும்.

ஆகவே, கற்க வருகிற பிள்ளையிடம் ஆசான்கள் அடிகளைச் சொல்லிக்கொடுக்கும் முன்னால் ஒன்று கேட்கட்டும்: உன் ஊர்ச் சாவுக்கு அடிக்க மாட்டேன் என்று ஒருவன் சொன்னால், அன்றைக்கு நீ யார் பக்கம் நிற்பாய்?