அவசியமும் அலங்காரமும்

நல்ல பசியோடு உட்கார்ந்து, வயிறும் நிரம்பி எழுந்த பிறகும் சில விருந்துகள் மனத்தில் ஒரு குறையை விட்டுச் செல்கின்றன. உப்புக் குறைந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். காரம் மிகுந்தால் மோர் குடித்து ஆற்றிக்கொள்ளலாம். இந்தக் குறைக்கோ இன்னதென்று பெயர் சொல்லத் தெரியாமல் கை கழுவிவிட்டு வெளியே வருகிறோம்.

பெங்களூரில் உத்தியோகம் பார்க்கும் என் தங்கை மகன் ஓர் இரவு என்னை அங்குள்ள ஐரிஷ் பாணி மதுக்கூடம் ஒன்றுக்கு அழைத்தான். 1937ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி ராஜாஜியின் மந்திரிசபை மதுவிலக்கை முதன்முதலாக அமுலாக்கியது எங்கள் சேலம் ஜில்லாவில்தான் என்ற பெருமையைக் கேட்டே வளர்ந்தவனாகையால் நான் தயங்கினேன். "நீங்க குடிக்க வேண்டாங்க மாமா, சாப்பாடு நல்லா இருக்குமுங்க, வாங்க" என்று அவன் வற்புறுத்தவே போனேன். கருமரத் தூண்களும் பித்தளைக் குழாய்களும் பச்சை விளக்குகளுமாக இடம் கம்பீரமாகத்தான் இருந்தது. சுவரோரத்து அலமாரியில் தோல் அட்டைப் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்துப் பார்க்கலாமென்று விரலை விட்டு இழுத்தால் வரவில்லை. வெறும் முதுகுகளை மட்டும் பலகையில் வரிசையாக ஒட்டி வைத்திருந்தார்கள். பிறகு 'ஷெப்பர்ட்ஸ் பை' வந்தது. கொத்திய ஆட்டிறைச்சியின் மேல் மசித்த உருளைக்கிழங்கைப் பரப்பி அடுப்பில் சுட்டெடுக்கும் பதார்த்தம் அது. மேலே பொன்னிறம், ஓரத்தில் கொதிப்பு. நடுவில் கரண்டியை இறக்கினால் குளிர்ச்சி. இறைச்சியிலோ கரம் மசாலா வாசனை. அலமாரிக்கும் தட்டுக்கும் ஒரே கைதான் பொறுப்போ என்று எனக்குத் தோன்றியது.

அயர்லாந்தின் பழைய மதுக்கூடங்களில் பல, மளிகைக் கடைகளாகவும் இருந்தவை. தேயிலைக்கும் சரக்குக்கும் வேண்டியிருந்ததால் அங்கே சுவர் நிறைய இழுப்பறைகள் இருந்தன. ஊரார் கண்ணில் படாமல் ஒரு கோப்பை அருந்த விரும்பிய பெண்களுக்கும் பாதிரிமாருக்கும் போலீஸ்காரர்களுக்குமாக, 'ஸ்னக்' என்ற மரத்தடுப்புச் சிற்றறை ஏற்பட்டது. ஒவ்வொரு பலகைக்குப் பின்னாலும் ஒரு மனிதனுடைய தேவை நின்றது. 1990களில் டப்ளின் கம்பெனி ஒன்று, கின்னஸ் மதுவாலையின் துணையோடு, இந்தக் கூடங்களைக் கிராமத்துக் குடில், மளிகைக் கடை, விக்டோரியா காலத்துக் கூடம் என்பன போன்ற ஐந்து மாதிரிகளாக வகுத்து, மரச் சாமான்களைச் செய்து கப்பலேற்றி, உலகெங்கும் நிறுவத் தொடங்கியது. இழுப்பறைகள் வந்து சேர்ந்தன, போட்டு வைக்கத் தேயிலை இல்லை. ஒளியும் அறை வந்தது, ஒளிய வேண்டியவர் எவருமில்லை.

இதை அயல்நாட்டு மோகம் என்று சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்வதற்கில்லை. சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் நெடுஞ்சாலையில் எத்தனை 'கிராமத்து' ஓட்டல்கள்! வாசலில் வண்டிச் சக்கரம், உத்தரத்தில் லாந்தர், எவரும் உட்காராத திண்ணை. பள்ளிபாளையம் சிக்கன் கேட்டால், தக்காளியும் மிளகாய்த் தூளும் சேர்ந்த செக்கச் செவேலென்ற குழம்பு வரக்கூடும். ஈரோட்டுக்கு எதிரே, காவிரியின் இக்கரையில் இருக்கும் அந்தத் தறிக்காரர் ஊரின் பண்டத்துக்கு மசாலாத் தூள் எதுவும் வேண்டியதில்லை. பொடிப்பொடியாக நறுக்கிய கோழி, கைநிறையச் சின்ன வெங்காயம், விதை உதறிக் கிள்ளிப் போட்ட வரமிளகாய், மஞ்சள், உப்பு, கடைசியில் பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய். தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, கறி தன் நீரிலேயே வெந்து சுருளும்வரை காத்திருக்கும் பொறுமை. வீட்டில் இருப்பதைக் கொண்டு ஆக்கியதனால் வந்த ருசி அது. வீட்டில் இருப்பதுபோல் பாவனை செய்தால் வருவதில்லை.

அப்படியானால் பிறரைப் பார்த்துச் செய்வதெல்லாம் போலிதானா? அல்ல என்பதற்குச் சேலத்திலேயே சாட்சி இருக்கிறது. ஜவ்வரிசி ஒரு காலத்தில் மலாய் நாட்டுப் பக்கமிருந்து கப்பலில் வந்த சரக்கு. சேகோப் பனையின் தண்டிலிருந்து எடுத்த மாவில் செய்தது. இரண்டாம் உலக யுத்தம் அந்த வரத்தை நிறுத்தவே, 1943 வாக்கில் சேலத்து வியாபாரிகள் மரவள்ளி என்னும் குச்சிக்கிழங்கை அரைத்து, மாவெடுத்து, உருட்டி, வறுத்து, அதே பண்டத்தைப் போலச் செய்தார்கள். ஆரம்பத்தில் அப்பட்டமான நகல். இன்றோ ஆத்தூர், ராசிபுரம் பக்கத்துக் குடியானவன் கிழங்கு விலையை விசாரிக்காமல் நாளைத் தொடங்குவதில்லை. 1981இல் சேகோ ஆலைக்காரர்கள் தங்களுக்கென்று சேலத்தில் கூட்டுறவுச் சங்கமே அமைத்துக்கொண்டார்கள். அவசியம் உந்திய நகல் சொந்தமாகிவிட்டது. அவசியமற்ற அசல் வேஷமாகி நிற்கிறது.

இந்த அளவுகோலை என் வீட்டுக்குள் கொண்டுவந்தால் சங்கடம்தான். மாவாட்டாத ஆட்டுக்கல் முற்றத்தில் பூச்செடி தாங்குகிறது. படிக்க நேரமில்லாத புத்தகங்கள் கூடத்தில் நிமிர்ந்து நிற்கின்றன. இழுத்தால் வரும் என்பதொன்றே அந்த மதுக்கூடத்துக்கும் என் கூடத்துக்கும் உள்ள பேதம். நமக்கு எது வேண்டும் என்று கேட்பதை விட்டு, எப்படித் தோன்ற வேண்டும் என்று கேட்கத் தொடங்கிய நாளில் வாழ்க்கையின் நடுப்பாகம் ஆறிப்போகத் தொடங்குகிறது.

ஆனால் அன்றிரவு என் மருமகனுக்கு ஏமாற்றமே இல்லை. ஒற்றை அறையில், சமையல்காரரும் அண்டை வீட்டாரும் இன்றிக் குடியிருக்கும் அவனுக்கும் அவன் தோழர்களுக்கும் வேலை முடிந்த பின் கூடிப் பேச ஓர் இடம் வேண்டியிருக்கிறது. திண்ணையற்ற நகரத்தில் அந்த மேஜையே அவர்களுடைய திண்ணை. தட்டில் இருந்தது அவர்களுக்கு ஒரு சாக்குத்தான். அவசியம் என்னவோ அங்கே வந்து உட்கார்ந்துவிட்டது. சமையற்கட்டுக்குத்தான் இன்னும் சேதி எட்டவில்லை. அயர்லாந்தைக் காட்டுவதை மறந்துவிட்டு, பசியோடு வந்திருக்கும் இந்தப் பிள்ளைகளுக்காகச் சமைக்க அந்த மதுக்கூடத்தார் துணிந்தால், ஜவ்வரிசிக்கு நேர்ந்த பாக்கியம் அந்தக் கூடத்துக்கும் ஒருநாள் நேரலாம்.