தெரியாத ஒருவரிடம் கேட்பது

முன்னோரைத் தேடும் மனம் மெல்ல மெல்லத் தனித்துப்போகிறது. பாட்டியின் பெயர் தெரியும். பாட்டியைப் பெற்றவளின் பெயர் அரைகுறையாகத் தெரியும். அதற்கு அப்பால் போக வழியில்லை. ஆனாலும் மனம் அந்த இடத்துக்கே திரும்பத் திரும்பப் போகிறது. நாம் யாருடைய பிள்ளைகள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. இந்த ஏக்கத்தை யாரும் குறைத்து எண்ண வேண்டாம். இது அன்பில் பிறந்த ஏக்கம். அன்பில் பிறந்ததையும் இறுகப் பற்றிக்கொண்டால் அது சுடும். அதை எப்படி ஏந்திக்கொள்வது என்று சற்று நிதானமாகப் பார்ப்போம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சுற்றி வாழும் தமிழ்க் குடும்பங்களை நினைத்துக்கொள்வோம். 1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்னும் கப்பல் அங்கே போய்ச் சேர்ந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற முதல் கப்பல் அது. 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தக் கடலைக் கடந்தார்கள்; அவர்களில் பெரும்பகுதியினர் சென்னையில் கப்பலேறியவர்கள். வந்தவர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. கப்பல் பட்டியலில் அந்த எண்ணுக்கு எதிரே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம். பல பட்டியல்களில் கடைசியாக உடல் அடையாளமும் இருக்கும்: இடது முழங்காலில் தழும்பு, வலது புருவத்தருகே மச்சம். முகம் தெரியாத கொள்ளுத்தாத்தாவைப் பற்றி நமக்கு எஞ்சியிருப்பது சில வேளைகளில் அந்தத் தழும்பு மட்டும்தான். அந்த வரியை முதன்முதலாகப் படிப்பவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிடுவார். இருக்கட்டும். அந்த மௌனமும் வழிபாடுதான்.

மௌனம் கலைந்ததும் ஆசை எழுகிறது. ஊர் பெயர் கிடைத்துவிட்டதே, போய்ப் பார்க்கலாமே என்கிறது. ஆனால் அந்த ஊர் பெயர், சொன்னவரின் வாயிலிருந்து எழுத்தரின் காதுக்குப் போய், ஆங்கில எழுத்தில் இறங்கியது. அது எந்த ஊர்? வட ஆர்க்காடு ஜில்லா என்று எழுதியிருக்கிறது. அந்தப் பெயரில் இன்று மாவட்டமே இல்லை. 1911இல் சித்தூர்ப் பக்கத்துத் தாலுகாக்கள் தனியே பிரிந்தன. அவற்றில் பெரும்பாலானவை இன்று ஆந்திரத்தில் இருக்கின்றன. 1989இல் எஞ்சியது இரண்டாயிற்று. 2019இல் அந்த இரண்டில் ஒன்றான வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. டர்பனில் உட்கார்ந்து வரைபடத்தை எத்தனை முறை விரித்தாலும் இது எளிதில் விடுபடாது. போளூரிலோ ஆரணியிலோ அந்த மண்ணில் நடந்து பழகிய ஒருவர், பெயரைக் காதால் கேட்ட உடனே, இது இந்த ஊராக இருக்குமோ என்று சொல்லிவிடக்கூடும். ஆகவே கேட்க வேண்டியிருக்கிறது. தெரியாத ஒருவரிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

இங்கேதான் மனம் தயங்குகிறது. என் குடும்பம், என் தேடல், நானே கண்டுபிடிக்கிறேன் என்கிறது. அந்த 'என்' மிக மென்மையானது. பாசத்தின் சாயலில் வருவதால் அடையாளம் தெரிவதில்லை. கேட்பதற்கு அது சற்று இளக வேண்டும். எனக்குத் தெரியவில்லை, உங்களுக்குத் தெரிந்திருக்கலாம் என்று ஒருவருக்கு எழுதும்போது, எழுதுகிறவரின் உள்ளே ஏதோ ஒன்று இலேசாகிறது. பதில் வருவதற்கு முன்பே இலேசாகிறது.

எழுதும் முன் கொஞ்ச நேரம் அமைதியாக இருப்போம். பதற்றத்தில் எழுதிய கடிதம் எல்லாவற்றையும் கேட்கும்: எங்கள் வம்சம் முழுவதையும் சொல்லுங்கள் என்று கேட்கும். அடங்கிய மனம் ஒன்றை மட்டும் கேட்கும். கப்பலின் பெயர் இது, ஆண்டு இது, எண் இது, ஊர் பெயர் பட்டியலில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இது. இதுவரை இங்கெல்லாம் பார்த்தாயிற்று. இந்த ஊர் எது என்று மட்டும் தெரிந்தால் போதும். ஆவணத்தில் இருப்பது எது, பாட்டி சொன்னது எது என்று பிரித்து எழுதுவது மிக முக்கியம். இது ஆராய்ச்சி முறைதான். ஆனாலும் நான் இதை ஓர் ஆன்மிகப் பயிற்சி என்றே சொல்வேன். அறிந்ததையும் நம்புவதையும் தனித்தனியே வைத்துப் பார்க்க நாம் எத்தனை முறை முயன்றிருக்கிறோம்?

பாட்டி சொன்னதை அதற்காகத் தள்ளிவிட வேண்டாம். ஊரை மறந்த குடும்பங்களும் தெய்வத்தை மறக்கவில்லை. நேட்டாலில் மாரியம்மனுக்கும் திரௌபதி அம்மனுக்கும் கோயில் எழுப்பினார்கள். இன்றும் தீ மிதிக்கிறார்கள். செஞ்சியைச் சுற்றிய பழைய ஆர்க்காட்டுச் சீமையில் திரௌபதி அம்மன் வழிபாடு எவ்வளவு ஆழமானது என்று அங்கே வாழ்பவர்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் இந்தத் தெய்வத்துக்கு இப்படிப் படைப்போம் என்று கடிதத்தில் எழுதும் ஒரு வரி, படிப்பவருக்கு ஏதேனும் ஒரு திசையைக் காட்டலாம்.

பிறகு காத்திருத்தல். அடுப்பில் வைத்த பாலைப் பார்த்தபடி நிற்பது போல, மனம் பதிலையே பார்த்தபடி நிற்கிறது. உதவுகிறவருக்கும் வீடு இருக்கிறது, வேலை இருக்கிறது, அவருடைய முன்னோர் இருக்கிறார்கள். நம் அவசரம் அவருடைய கடமை ஆகாது. இதை உணரும்போது காத்திருத்தலில் இருந்த எரிச்சல் போய்விடுகிறது; காத்திருத்தல் மட்டும் மிஞ்சுகிறது. அதில் அமர முடியும்.

வரும் பதில் நாம் விரும்பியதாக இல்லாமலும் இருக்கலாம். கவுண்டர், கவெண்டர் ஆகிக் குடும்பப் பெயராக நிலைத்துவிட்ட வீட்டில், பட்டியல் வேறொரு சாதியைச் சொல்லலாம். ஊரில் மனைவியை விட்டுவிட்டுக் கப்பலேறியவர் என்று தெரியவரலாம். பெயரையே மாற்றிச் சொன்னவராகவும் இருக்கலாம். முன்னோர் என்று நாம் மனத்தில் வடித்து வைத்திருந்த உருவம் அப்போது கரையும். கரையட்டும். பசியிலோ அச்சத்திலோ ஏதோ ஒரு நம்பிக்கையிலோ கடலைக் கடந்த மனிதர் அவர். நம் பெருமைக்காக அவர் போகவில்லை. அந்த ஊரில் இன்று வாழ்கிறவர்களும் நமக்காக வாழவில்லை. கடல் தாண்டி வந்து விசாரிக்கிறார்களே, நிலத்தில் பங்கு கேட்பார்களோ என்று அவர்கள் அஞ்சக்கூடும். அவர்களுடைய பெயரையும் வீட்டையும் பற்றிப் பிறரிடம் பேசும்முன் அவர்களைக் கேட்டுக்கொள்வது நம் பொறுப்பு.

அமாவாசையன்று எள்ளும் நீரும் விடும்போது தந்தை, தாத்தா, கொள்ளுத்தாத்தா என மூன்று தலைமுறைகளைப் பெயர் சொல்லி அழைக்கிறோம். கடைசியில், நீர் விடத் தமக்கென்று யாரும் இல்லாதவர்களுக்காகவும் ஒருமுறை விடப்படுகிறது. நம் அறிவு ஓரிடத்தில் நின்றுபோகும் என்பதை அந்தச் சடங்கு எவ்வளவு இயல்பாக ஏற்றுக்கொண்டிருக்கிறது! பெயர் கிடைக்காவிட்டாலும் அவர்களுக்குரிய நீர் போய்ச் சேர்கிறது. இந்த உறுதி உள்ளே இருக்கும்போது, குறையைத் தீர்த்துக்கொள்ளத் தேட வேண்டியதில்லை. அன்பாகவே தேடலாம். இன்றே, எதுவும் கிடைக்காத இந்த நிலையிலேயே, அமைதியாக இருக்கலாம்.

பட்டியலை மறுபடி எடுத்துப் பாருங்கள். ஒரே குடும்பத்தாரும் ஒரே ஊரிலிருந்து சேர்ந்து வந்தவர்களும் பல சமயம் அடுத்தடுத்த எண்களில் இருப்பார்கள். உங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு மேலே ஒரு பெண், கீழே ஒரு சிறுவன். அவர்கள் உங்களுக்கு உறவாக இல்லாமல் இருக்கலாம். அவர்கள் வழிவந்தவர்கள் எங்கோ இதே கேள்வியோடு உட்கார்ந்திருக்கலாம். அந்த எண்களையும் ஊர்களையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள். தேடிக்கொண்டிருக்கும் யாரைச் சந்தித்தாலும் சொல்லுங்கள். உங்கள் ஊரை உங்களுக்குச் சொல்லப்போகிறவரும், வேறு யாரையோ தேடிக்கொண்டிருக்கும்போது உங்களவரின் வரியைப் பார்த்தவராகவே இருக்கக்கூடும்.