வேலை கேட்கும் கடிதமும் வாய்மையும்

தன்னைத் தானே மெச்சிக்கொள்வது தகாது என்று சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் வேலை கேட்டு விண்ணப்பம் எழுத உட்காரும் வாலிபனோ தன் யோக்கியதையைத் தானே சொல்லியாக வேண்டியிருக்கிறது. சொல்லாவிட்டால் வேலை இல்லை. மிகைப்படச் சொன்னால் பொய். இவ்விரண்டுக்கும் நடுவே நேரான வழி உண்டா என்பதே கேள்வி.

உண்டு என்பதற்கு யூசுபு நபி (அலை) அவர்களின் சரிதையே சான்று. பஞ்சம் வரப்போகிறது என்று அறிந்த எகிப்து மன்னரிடம் அவர்கள் களஞ்சியப் பொறுப்பைத் தாமே கேட்டார்கள். கேட்கையில் தமது குலப் பெருமையைப் பேசவில்லை. சிறையில் பட்ட கஷ்டத்தைச் சொல்லி இரக்கம் தேடவுமில்லை. பொருளைப் பாதுகாக்கும் குணம், அது பற்றிய அறிவு ஆகிய இரண்டையே கூறினார்கள். களஞ்சியத்துக்கு வேண்டியவை அவ்விரண்டும் அல்லவா? ஆகவே பிறருக்குப் பயன்படும் தகுதியை உள்ளபடி சொல்வது தற்பெருமை ஆகாது. தகுதியுள்ளவன் வாய்மூடி இருந்தால் பொறுப்பு தகாதவன் கைக்குப் போய்விடவும் கூடும்.

இத்தாலியில் லியோனார்டோ டா வின்சி, மிலான் நகரை ஆண்ட லுடோவிகோ ஸ்போர்சாவுக்கு, சுமார் 1482-ம் ஆண்டில் ஒரு வேலைக் கடிதம் தயாரித்தார். ஓவியத்தால் உலகப் புகழ் பெற்ற அவர், அதில் பாலங்கள், பீரங்கிகள் முதலிய போர்ச் சாதனங்களைச் செய்யும் திறமையையே வரிசையாக எழுதினார். ஓவியத்தைக் கடைசியில்தான் குறிப்பிட்டார். வேலை கொடுப்பவருக்கு எது தேவை என்பதை முதலில் நினைத்தார் என்க.

வியாபாரிகளுக்கு இது புதிய பாடமல்ல. நல்ல மாம்பழத்தைத் துடைத்து முன்வரிசையில் வைப்பது ஏமாற்று ஆகாது. அழுகலை அடியில் போட்டு நிறுத்துக் கொடுப்பதே ஏமாற்று. விண்ணப்பத்துக்கும் இதுவே தராசு. 3 மாதம் பெட்டியடியில் வேலை பார்த்தவன் அதை முதல் வரியிலேயே எழுதலாம். 3 வருஷம் என்று எழுதலாகாது. "கடின உழைப்பாளி, நேர்மையானவன்" என்று எல்லோரும்தான் எழுதுகிறார்கள். "தினசரி வரவு செலவை எழுதி, மாதக் கடைசியில் சரக்கு இருப்புடன் ஒத்துப் பார்த்தேன்" என்று எழுதினால் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். எந்தக் கடை, எந்த வேலை என்பதைக் குறித்து எழுத வேண்டும். வீட்டுக் கஷ்டத்தை எழுத வேண்டாம். உதவி கேட்பது வேறு, வேலை கேட்பது வேறு.

நிற்க. இப்போது கம்ப்யூட்டரைக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் அழகான கடிதம் எழுதித் தந்துவிடுகிறது. முன்னாளில் மனு எழுதுவோரிடம் காசு கொடுத்து எழுதி வாங்கியது போலத்தான் இதுவும். எழுதிய கை எதுவானாலும் கையொப்பம் இட்டவனே பொறுப்பாளி. நேரில் அழைத்து ஒவ்வொரு வரியாகக் கேட்டால் தடுமாறாமல் பதில் சொல்ல முடியுமா? முடியாத வரியை அடித்துவிட வேண்டும். சிங்கப்பூரில் வெளிநாட்டார் வேலை அனுமதிக்கான மனுவில் பொய்த் தகவல் கொடுத்தால் 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. ஆனால் சட்டத்துக்கு அகப்படாத பொய்யும் ஒருவனைப் பாதிக்கவே செய்கிறது. உள்ளதை மட்டும் எழுதிவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் இருக்கும் வாலிபனே அவன்.

அவனுக்காக முதலாளிமார்களாகிய நாம் செய்ய வேண்டியதும் உண்டு. பகட்டாக எழுதியவனையே நாம் தேர்ந்தெடுத்தால், பகட்டாக எழுதக் கற்றுக் கொடுப்பவர்கள் நாமே. "இந்த வேலை எனக்குத் தெரியாது, கற்றுக்கொள்வேன்" என்று எழுதும் பையனைக் கூப்பிட்டுப் பேசிப் பார்க்க வேண்டும். முகத்தாட்சண்யத்துக்காகக் கேட்டவர்க்கெல்லாம் நற்சாட்சிப் பத்திரம் எழுதிக் கொடுப்பதையும் நிறுத்த வேண்டும். அதை நம்பி இன்னொரு வியாபாரி தன் கல்லாப்பெட்டியின் சாவியையே கொடுக்கக்கூடும். எடைக்கல்லில் நாம் காட்டும் எச்சரிக்கை எழுத்திலும் இருக்கட்டும்.