இதற்கு மேல் வேண்டாம்

ஒரு மாற்றத்தைத் தொடங்கிவைத்தவருக்கு, அது எதுவரை போகலாம் என்று சொல்லவும் உரிமை உண்டா? வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிக்குப் போன பெண் தன் மகளிடம் ‘இதற்கு மேல் வேண்டாம்’ என்று சொல்லும்போது எழும் கேள்வி இது. இளமையில் ஊரை எதிர்த்து நின்ற பெரியவர், இன்றைய பிள்ளைகள் எதிர்ப்பதைக் கண்டு முகம் சுளிக்கும்போதும் இதே கேள்விதான். வெகுகாலமாக இது என்னை விடவில்லை. இதை யோசிக்க எனக்குக் கிடைத்த நல்ல துணை, ஈராக்கியக் கவிஞரும் அறிஞருமான நாஸிக் அல்-மலாயிகா.

நவீன அரபு இலக்கியத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அவரைப் பற்றி இரண்டு செய்திகளைத் தவறாமல் சொல்வார்கள். 1947இல் அரபுக் கவிதையின் பழைய யாப்பைத் தளர்த்திப் புதுக் கவிதைக்கு வழிவிட்ட முன்னோடி என்பது ஒன்று. 1962இல் அதே புதுக் கவிதைக்கு இலக்கணம் எழுதி, அதைத் தாண்டிப் போனவர்களைக் கடிந்துகொண்டவர் என்பது இன்னொன்று. முதலாவதைப் புகழ்ந்துவிட்டு இரண்டாவதைச் சொல்லும்போது பலர் பயன்படுத்தும் சொல் ‘பின்வாங்கினார்’ என்பது. அந்தச் சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்று சொல்ல அவர் பிறந்த வீட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

1923இல் பாக்தாதில் பிறந்தவர் நாஸிக். சிரியாவில் பிரெஞ்சு ஆதிக்கத்தை எதிர்த்த நாஸிக் அல்-ஆபித் என்ற பெண்ணின் நினைவாக வைத்த பெயர் அது. தாய் சல்மா, உம்மு நிஸார் என்ற பெயரில் மரபுக் கவிதை எழுதியவர். தந்தை சாதிக் அரபு மொழி ஆசிரியர், பல தொகுதிகள் கொண்ட பெரும் தொகை நூலை எழுதிய அறிஞர். இலக்கணமும் யாப்பும் அந்த வீட்டில் அன்றாடப் பேச்சு. நாஸிக் 1944இல் பாக்தாதின் உயர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பட்டம் பெற்றார். நுண்கலைக் கல்லூரியில் ஊத் என்ற நரம்பிசைக் கருவியை வாசிக்கக் கற்றார். லத்தீனும் படித்தார், ஆங்கிலக் கவிதைகளில் ஆழ்ந்து தோய்ந்தார். இவற்றில் ஊத் கற்றது சிறிய செய்தியாகத் தோன்றலாம். அவர் பின்னாளில் போட்ட சண்டைகளையெல்லாம் பார்க்கும்போது, காதைப் பழக்கிக்கொண்ட ஒருவரின் பிடிவாதம் அவற்றில் தெரிகிறது.

அவர் எதைத் தளர்த்தினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மரபான அரபுக் கவிதையில் ஒவ்வோர் அடியும் சரிபாதியாகப் பிரியும். இரு பாதியிலும் சீர்களின் எண்ணிக்கை முன்கூட்டியே நிர்ணயமானது. அடியின் முடிவில் வரும் இயைபு முதல் அடி தொடங்கிக் கடைசி அடிவரை, நூறு அடி போனாலும், ஒன்றேதான். எட்டாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத் இந்தச் சந்தங்களை 15 என்று வகுத்தார். பின்னால் ஒன்று சேர்ந்து 16 ஆனது. அரபு ஆட்சியிலிருந்த ஸ்பெயினான அந்தலூசியாவில் கிளைத்த முவஷ்ஷஹ் போன்ற பாடல் வடிவங்கள் உண்டு என்றாலும், அரபு மொழியில் ‘கவிதை’ என்றால் காதில் ஒலித்தது இந்த இரட்டைப் பாதி அடிதான்.

1947இல் எகிப்தில் காலரா பரவியது. சாவு எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறுவதை வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. நாஸிக்குக்கு அப்போது 24 வயது. பழைய யாப்பில் ஒரு கவிதை எழுதினார். நிறைவில்லை. இன்னொன்று எழுதினார். அதிலும் மனத்தில் இருந்தது வெளியே வரவில்லை. அக்டோபர் 27ஆம் நாள், சாவு ஆயிரத்தைத் தொட்ட செய்தியைக் கேட்டு வீட்டை விட்டு வெளியே வந்தார். பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த ஒரு கட்டிடத்தில் அன்று வேலையாட்கள் இல்லை. அங்கே உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் ‘காலரா’ கவிதையை எழுதி முடித்தார். எகிப்துக் கிராமங்களில் பிணங்களை ஏற்றிப் போன குதிரை வண்டிகளின் தடதடப்பை அடிகளுக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது. அதற்கு அடிகள் நீளவும் குறுகவும் வேண்டியிருந்தது. நீண்டன, குறுகின.

வீட்டுக்கு ஓடிவந்து படித்துக் காட்டினார். தங்கை இஹ்ஸான் துள்ளினாள். தாய்க்குப் பிடிக்கவில்லை. இது என்ன சந்தம், அடிகள் ஏன் சமமாக இல்லை, ஓசை ஏன் இப்படி மெலிந்து கிடக்கிறது என்று கேட்டார். தந்தை கேலி செய்து ஒதுக்கிவிட்டார். இந்தக் கவிதை அரபுக் கவிதையின் வரைபடத்தையே மாற்றப் போகிறது என்று மகள் பதில் சொன்னார். இவ்வளவையும் பின்னாளில் அவரே எழுதிவைத்திருக்கிறார்.

அதே ஆண்டு டிசம்பரில், பாக்தாதின் அதே கல்லூரியைச் சேர்ந்த பத்ர் ஷாகிர் அஸ்-ஸய்யாபின் முதல் தொகுப்பு வெளிவந்தது. அதிலும் இத்தகைய கவிதை ஒன்று இருந்தது. யார் முதல் என்ற வழக்கு இன்றுவரை நடக்கிறது. எனக்கு அதில் அக்கறை இல்லை. ஒரே காலத்தில் ஒரே நகரத்தில் இரண்டு இளைஞர்களுக்கு ஒரே மூச்சுத் திணறல் இருந்தது என்பதே போதுமான செய்தி.

1949இல் வந்த தம் இரண்டாம் தொகுப்பின் முன்னுரையில் நாஸிக் தம் தரப்பை எடுத்துவைத்தார். சொல்ல வேண்டியது இரண்டு சீர்களில் முடிந்துவிடுகிறது, ஆனால் அடி இன்னும் சீர்கள் கேட்கிறது. கவிஞர் வேண்டாத சொற்களைப் போட்டு இடத்தை நிரப்புகிறார். கவிதை அங்கேதான் சாகிறது. ஆகவே, அடியில் எத்தனை சீர் என்பதைப் பொருள் முடிவுசெய்யட்டும் என்றார். சீரே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. 1949இலும் சொல்லவில்லை, பிறகு எப்போதும் சொல்லவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவருடைய துணிச்சல் யாப்போடு நிற்கவில்லை. குடும்ப மானத்தின் பெயரால் பெண்ணைக் கொல்லும் வழக்கத்தைப் பற்றி அவர் எழுதிய கவிதையை இன்று படித்தாலும் நெஞ்சு பதறுகிறது. கொன்றவன் கத்தியைத் துடைத்துவிட்டுக் குடிக்கப் போகிறான். அக்கம்பக்கத்துப் பெண்கள் தங்களுக்கும் இதே முடிவு காத்திருக்கிறது என்பதை அறிந்து வாழ்கிறார்கள். 1953இல் பெண்ணின் நிலை பற்றி அவர் ஆற்றிய சொற்பொழிவில், சுதந்திரம் இல்லாத இடத்தில் ஒழுக்கம் என்ற பேச்சுக்கே பொருள் இல்லை என்ற கருத்தை வைத்தார். தேர்வு செய்ய முடியாதவளை நல்லவள் என்று புகழ்வதில் என்ன இருக்கிறது? அன்றைய பாக்தாதில் ஓர் இளம்பெண் மேடையேறிக் கேட்ட கேள்வி இது.

அதே 1953இல் தாய் நோயுற்றார். அறுவைச் சிகிச்சைக்காக லண்டனுக்கு அழைத்துப்போனவர் நாஸிக்தான். தாய் அங்கேயே இறந்துபோனார். மகள் எழுதிய மூன்று இரங்கற்பாக்கள் அவருடைய கவிதைகளில் தனி இடம் பெற்றவை. பிறகு அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஒப்பிலக்கியம் படித்துத் திரும்பினார்.

இதற்குள் லெபனானில், பெய்ரூத்தின் இலக்கிய உலகம் சூடேறியிருந்தது. 1957இல் யூசுஃப் அல்-கால் ‘ஷிஃர்’ என்ற இதழைத் தொடங்கினார். கவிஞர் அதோனிஸ் அதில் சேர்ந்தார். சீரையும் விட்டுவிட்டு உரைநடையிலேயே கவிதை எழுதலாம் என்று அந்த இளைஞர்கள் கிளம்பினார்கள். முஹம்மது அல்-மாகூத், உன்ஸி அல்-ஹாஜ் ஆகியோரின் நூல்கள் வந்தன. 1962இல் நாஸிக் ‘தற்காலக் கவிதையின் பிரச்சினைகள்’ என்ற நூலோடு களத்தில் இறங்கினார். மேலோட்டமான கண்டன நூல் அல்ல அது. எந்தச் சந்தம் நீண்டு குறுகும் அடிக்கு ஒத்துவரும், எது வராது என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறார். திரும்பத் திரும்ப வரும் சொல் கவிதையில் எப்போது உயிர்க்கிறது, எப்போது செத்துப்போகிறது என்று ஆராயும் பகுதியை நான் பலமுறை படித்திருக்கிறேன். கவிதைக்கும் சாவுக்கும் உள்ள உறவைப் பற்றி ஓர் இயல் இருக்கிறது. ஆனால், உரைநடைக் கவிதைக்கு வந்ததும் அவர் குரல் மாறுகிறது. அது கவிதையே அல்ல என்கிறார். ஓசை அறியாதவர்கள் உள்ளே புகுந்துவிட்டார்கள் என்கிறார்.

பதினைந்து ஆண்டுக்கு முன் தாய் கேட்ட கேள்வியைத்தான் இப்போது மகள் கேட்கிறார். இது என்ன சந்தம்? ஓசை எங்கே?

‘பின்வாங்கினார்’ என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தைத்தான் காட்டுகிறார்கள். நானோ இதே இடத்தில் என் அம்மாவைப் பார்க்கிறேன். பள்ளியோடு போதும் என்ற வீட்டில் சாப்பிடாமல் கிடந்து பட்டம் வாங்கியவர் அம்மா. நான் வேறு ஊரில் வேலை பார்த்து, தனியாக வீடெடுத்துத் தங்கப்போகிறேன் என்றபோது அவர்தான் குறுக்கே நின்றார். அவர் கதையையே எடுத்து அவருக்கு எதிராக வாதம் செய்தேன். நீ போராடலாம், நான் கூடாதா? அந்த வாதத்தில் பிழை இல்லை, இன்றும் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். அதே சமயம், அம்மா எதற்காகப் போராடினார் என்பதும் இப்போது தெரிகிறது. அந்த வீட்டை விட்டுப் போவதற்காக அவர் படிக்கவில்லை. அந்த வீட்டில் தலைநிமிர்ந்து இருப்பதற்காகப் படித்தார். ஒன்றைத் தளர்த்துகிறவர் எல்லோரும் அதை உதறப் போகிறவர் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பலர் அதைக் காப்பாற்றவே தளர்த்துகிறார்கள். இறுக்கிக் கட்டிய மூட்டை பிரிந்து சிதறிவிடும் என்று பயந்து முடிச்சை இளக்குகிறவரிடம், மூட்டையையே கவிழ்த்தால் என்ன என்று கேட்டால் அவர் திடுக்கிடத்தானே செய்வார்?

நாஸிக் சந்தத்தைக் காப்பாற்ற நினைத்தார். வேண்டாத சொற்களால் நிரம்பி வெறும் சத்தமாகிக்கொண்டிருந்த ஓசைக்கு உயிர் கொடுக்க நினைத்தார். 1947இல் அதற்கு அடியை உடைக்க வேண்டியிருந்தது. 1962இல் சீரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவர் நின்ற இடம் மாறவில்லை என்றே நான் படிக்கிறேன். சுற்றி இருந்தவர்கள் நகர்ந்துவிட்டார்கள்.

இதனால் அவர் சொன்னதெல்லாம் சரியாகிவிடாது. உரைநடைக் கவிதை கவிதையல்ல என்ற தீர்ப்பு தவறு. அல்-மாகூதைப் படித்த எவருக்கும் அது தெரியும். தன் இடத்தில் நிற்க அவருக்கு முழு உரிமை இருந்தது. மற்றவர்களும் அங்கேயே நின்றுவிட வேண்டும் என்று கேட்கும் உரிமை இருக்கவில்லை. அம்மாவுக்கும் இல்லை. ஆனால், அங்கேயே நின்றவர்களை மிச்சப்பட்டவர்கள் என்று பேசுவது சரியல்ல. 2008இல் இறந்த பாலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷ், சந்தம் விட்ட கவிதையை மதித்தவர்தான். தம் கவிதையிலோ கடைசிவரை சீரை விடவில்லை. நாஸிக் போட்ட பாதையிலேயே அவ்வளவு தூரம் போக முடிந்தது.

நாஸிக்கை நான் மதிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தம் மாற்றங்களை அவர் ஒளித்துவைக்கவில்லை. 1945இல், 22 வயதில், ‘வாழ்வின் துயரம்’ என்று ஒரு நெடுங்கவிதை தொடங்கினார். சாவைத் தவிர மனிதனுக்கு முடிவில்லை என்ற இருட்டு அதில் நிறைந்திருக்கிறது. 1950இல் அதை மறுபடி எழுதப் புகுந்தபோது பார்வை மாறியிருந்தது; அது வேறு கவிதையாகிவிட்டது. 1965இல் மூன்றாம் முறையும் தொட்டார். 1970இல் நூலாக்கியபோது மூன்றையும் ஒன்றாகவே அச்சிட்டார். கடைசி வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு இளமையின் இருட்டை மறைத்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. 1962 நூலில் புதுக் கவிதை 1947இல் ஈராக்கில்தான் பிறந்தது என்று அடித்துச் சொன்னவர், அதற்கு முன்பே பிற அரபு நாடுகளில் முயற்சிகள் நடந்ததை அறிந்ததும், பின் வந்த பதிப்பின் முன்னுரையில் அதை எழுதிவிட்டார். தம் புகழின் அடித்தளத்தைத் தாமே அசைத்துப் பார்க்கிற இந்த நேர்மை எத்தனை பேருக்கு வரும்? அறிஞர் என்ற பட்டத்துக்கு அவரைத் தகுதியாக்கியது, படித்த மொழிகளைவிட இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிற்கால வாழ்க்கை அலைச்சலாக இருந்தது. கணவர் அப்துல் ஹாதி மஹ்பூபாவோடு பஸ்ராவில் புதிதாகத் தொடங்கிய பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்தார். கலீல் சந்தம் வகுத்த அதே ஊர். 1970இல் குவைத் போய்ப் பல ஆண்டுகள் கற்பித்தார். 1990இல் ஈராக் குவைத்துக்குள் நுழைந்த பிறகு, கடைசியில் கெய்ரோ. நோய் அவரை வெளியுலகிலிருந்து பிரித்தது. 2007 ஜூன் 20 அன்று இறந்தார். எந்த நாட்டின் சாவுச் செய்தி அவரை அந்தக் கவிதை எழுத வைத்ததோ, அதே எகிப்தில்.

1968இல் வந்த தொகுப்பின் முன்னுரையில் அவர் ஒரு கணிப்புச் சொல்லியிருந்தார். புதுக் கவிதையின் வேகம் விரைவில் அடங்கும், கவிஞர்கள் இரட்டைப் பாதி அடிக்குத் திரும்புவார்கள் என்று. அது நடக்கவில்லை. அவரைக் குறை சொல்கிறவர்கள் அதைத் தவறாமல் எடுத்துக்காட்டுகிறார்கள். 1977இலும் 1978இலும் அவருடைய கடைசித் தொகுப்புகள் வந்தன. அவற்றையும் அவர்கள் புரட்டிப் பார்க்கலாம். அவற்றிலும் பெரும்பாலான கவிதைகளின் அடிகள் நீண்டு குறுகித்தான் போகின்றன.