சாவி செய்தவன்

"காசு குடுத்துதானே தம்பி வாங்கினேன்? அப்புறம் ஏன் எனக்கு மட்டும் வாசிச்சுக் காட்ட மாட்டேங்குது?"

கேட்டவர் எங்கள் தெருவில் இருக்கும் அக்கா. வங்கி ஊழியர். பிறவியிலேயே பார்வை இல்லை. திரையில் இருப்பதை உரக்கப் படித்துக்காட்டும் ஸ்க்ரீன் ரீடர் வழியாகத்தான் அவருடைய வாசிப்பு முழுவதும். அன்று அவர் வாங்கிய மின்நூல் ஒரு செயலிக்குள் பூட்டப்பட்டிருந்தது. திருட்டுப் பிரதி எடுக்கக் கூடாது என்று போட்ட பூட்டு, எழுத்துகளை ஸ்க்ரீன் ரீடரிடமிருந்தும் மறைத்துவிட்டது.

நான் நிரல் எழுதிப் பிழைப்பவன். இரண்டு ராத்திரி உட்கார்ந்து, அந்தப் பூட்டைக் கழற்றும் சின்ன நிரல் ஒன்றை எழுதினேன். மூன்றாம் நாள் அக்கா பாதி நாவலைத் தாண்டியிருந்தார். அப்போது எனக்குள் எந்த அறக்கேள்வியும் எழவில்லை. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

அந்தக் கர்வத்துக்கு ஒரு முன்னோடி உண்டு. 1999இல் நார்வேயைச் சேர்ந்த யோன் லெக் யோஹான்சன் என்ற 15 வயதுப் பையன் பெயரோடு, டிவிடியின் பூட்டைத் திறக்கும் 'டிசிஎஸ்எஸ்' நிரல் வெளியானது. லினக்ஸ் கணினியில் டிவிடி பார்க்க வழி வேண்டும் என்பது அவன் தரப்பு. வழக்குப் போட்டார்கள். 2003 ஜனவரியில் ஆஸ்லோ நீதிமன்றம் அவனை விடுவித்தது. டிசம்பரில் மேல்முறையீட்டிலும் விடுதலை. படித்தபோது மனசுக்குள் கைதட்டினேன். அதே நிரல் படத்தை நகலெடுக்கவும் உதவும் என்பதைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

யோசிக்க வைத்தது ஓர் எழுத்துப்பிழை.

கல்லூரி ஜூனியர் ஒருவன் "ஆராய்ச்சிக்கு வேணும்ணா" என்று நிரலைக் கேட்டான். கொடுத்தேன். சில மாதம் கழித்து, டெலிகிராம் குழு ஒன்றில் ஒரு புதிய எழுத்தாளரின் முதல் நாவல் இலவசமாகச் சுற்றியது. திறந்து பார்த்தேன். முதல் பக்கத்தில் 'உள்ளடகம்' என்று இருந்தது. ஒரு 'க்' இல்லை. என் நிரல் தானாக உருவாக்கும் பக்கம் அது, பிழையும் என்னுடையது. ஜூனியரிடம் கேட்டால், "ஒரு ஃப்ரெண்டுக்குக் குடுத்தேண்ணா" என்கிறான். பகலெல்லாம் மருந்துக்கடையில் நின்றுகொண்டு, அந்த எழுத்தாளர் நான்கு வருடம் எழுதிய நாவல் அது. அவரை எனக்குத் தெரியும்.

"கத்தி காயும் நறுக்கும், கழுத்தையும் அறுக்கும். கொல்லன் என்னடா பண்ணுவான்?" என்று நண்பர்கள் சமாதானம் சொன்னார்கள். என்னால் ஏற்க முடியவில்லை. பூட்டு ரிப்பேர் செய்பவரைப் பாருங்கள். சாவி தொலைந்துவிட்டது என்று கூப்பிட்டால் வருவார். ஆனால் அது நம் வீடுதானா என்று உறுதி செய்துகொண்டுதான் பூட்டில் கை வைப்பார். திறக்கத் தெரிந்தவர் என்பதாலேயே அந்தக் கூடுதல் கேள்வி அவருக்குக் கடமையாகிறது. நான் அதைக் கேட்கவில்லை.

சட்டங்கள் இந்த இடத்தில் இரண்டு விதமாகப் போகின்றன. அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு டிஎம்சிஏ சட்டம், பூட்டை உடைப்பதோடு உடைக்கும் கருவியைப் பரப்புவதையும் தடுக்கிறது. பார்வையற்றோர் மின்நூலின் பூட்டைத் திறக்க அங்கே விதிவிலக்கு உண்டு. கருவியைப் பரப்புகிறவருக்கு அது பொருந்தாது. நிரல் எழுதத் தெரியாத ஒருவர் அந்த உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 65ஏ பிரிவு நோக்கத்தைப் பார்க்கிறது. உரிமையை மீறும் எண்ணத்தோடு உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதம். சட்டம் தடுக்காத காரியத்துக்காகத் திறந்தால் குற்றமில்லை. மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவில் நூலை மாற்றித்தரவும் அதே திருத்தம் இடம் கொடுத்தது. ஆனால் இன்னொருவர் பூட்டைத் திறக்க உதவுகிறவர், யாருக்கு, எதற்காக உதவினார் என்று பெயர் முகவரியோடு குறித்துவைக்க வேண்டும். பூட்டு ரிப்பேர்க்காரர் கேட்கும் அதே கேள்வி.

இது சரியாகப்பட்டது. அக்காவிடம் சொன்னேன்: இனி நிரலை யாருக்கும் தர மாட்டேன், பார்வையற்றவர்கள் காசு கொடுத்து வாங்கிய நூலோடு வந்தால் நானே திறந்து தருவேன், நோட்டில் எழுதிக்கொள்வேன்.

அக்கா சிரித்தார். "எனக்கு உன்னைத் தெரியும். உன்னைத் தெரியாதவங்க? செங்கோட்டையில என்னை மாதிரி ஒரு பொண்ணு இருந்தா, அவ யார் வீட்டுக் கதவைத் தட்டுவா? அப்புறம், நான் என்ன படிக்கிறேன்னு உன் நோட்டுல எதுக்கு இருக்கணும்? கண்ணு தெரியறவங்க யாராவது எழுதிக் குடுத்துட்டா படிக்கிறாங்க?"

பூட்டுப் போட்டவன்மீது எனக்கு இருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷம் என் பக்கம் திரும்பியது. ஒரு கதவைத் திறக்கப் போய், நானே இன்னொரு கதவாக நின்றுகொண்டிருந்தேன்.

எழுத்தாளரைப் போனில் அழைத்து நடந்ததைச் சொன்னேன். திட்டினார். கேட்டுக்கொண்டேன். நிரலைச் செய்ததற்காக நான் இன்றும் வருந்தவில்லை. வாங்கியவர் படிக்க முடியாத புத்தகத்தை விற்பதுதான் முதல் தவறு. யாரிடம் கொடுக்கிறோம் என்று பார்க்காமல் கொடுத்தது என் தவறு. முதல் தவறு பெரியது என்பதால் இரண்டாவது இல்லாமல் போய்விடாது.

இப்போது நோட்டில் பெயர், முகவரி, காரணம் மட்டும் எழுதுகிறேன். நூலின் பெயரை எழுதுவதில்லை. செங்கோட்டைப் பெண்ணுக்கு என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

'உள்ளடகம்' பிழையைத் திருத்தவுமில்லை. அடுத்த முறை எங்காவது கண்ணில் பட்டால், அது என் கையிலிருந்து போனது என்று எனக்குத் தெரிய வேண்டும்.