இறுதி நாளும் நம் கணக்கும்

உலகம் ஒரு நாள் முடிவுறும். அன்று ஒவ்வோர் ஆன்மாவும் தன் செயல்களுக்குக் கணக்குக் கொடுக்கும். இந்த நம்பிக்கையில் முஸ்லிம்களாகிய நாமும் கிறிஸ்தவ சகோதரர்களும் ஒன்றுபடுகிறோம். அன்று நீதிபதியாய் வீற்றிருப்பவர் ஏசுநாதரே என்பது அவர்கள் கொள்கை. தீர்ப்பு வழங்கும் அதிகாரம் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது என்பது நம் ஈமான். இவ்வேறுபாடு சிறியதன்று. எனினும், அந்த நாளைப் பற்றிய நம்பிக்கை மனிதனை என்ன செய்ய வேண்டும் என்னும் வினா இரு சாராருக்கும் பொதுவானதே.

அந்த நாளையும் நாழிகையையும் வானவரும் அறியார், தந்தையாகிய இறைவன் ஒருவனே அறிவான் என்பது மத்தேயு, மாற்கு சுவிசேஷங்கள் தரும் போதனை. கியாமத் எப்போது என்று ஜிப்ரீல் (அலை) வினவியபோது, கேட்பவரைவிடத் தாம் அதிகம் அறிந்தவரல்லர் என்றே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். மறைக்கப்பட்டதன் நோக்கம் தெளிவு. நாள் தெரிந்தவன் அதற்கு முந்தின நாள்தான் திருந்துவான். தெரியாதவனோ இன்றே திருந்தியாக வேண்டும்.

ஆயினும், மனித மனம் இம்மறைவைப் பொறுப்பதில்லை. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாழ்ந்த வில்லியம் மில்லர் என்னும் விவசாயி, தானியேல் ஆகமம் கூறும் 2,300 நாட்களை ஆண்டுகளாகக் கொண்டு, கி.மு. 457 முதல் எண்ணி, ஏசுநாதரின் வருகை நெருங்கிவிட்டதென 1831 முதல் பிரசங்கம் செய்தார். அவருடைய இயக்கத்தார் இறுதியில் 1844 அக்டோபர் 22 என்று நாளையே குறித்துவிட்டனர். நம்பியோர் பல்லாயிரவர். விளைந்த பயிரை அறுவடை செய்யாமல் விட்டவர்களும் அவர்களில் உண்டு. அந்நாள் வந்தது, வழக்கம்போல் கழிந்தது. வரலாறு அதனைப் 'பெரும் ஏமாற்றம்' என்றே குறிக்கிறது. அம்மக்களின் பக்தியை நாம் எள்ளி நகையாடுவதற்கில்லை. இறைவன் தன்னிடமே வைத்துக்கொண்ட அறிவைக் கணிதத்தால் பெற முயன்றதே அங்கு நேர்ந்த பிழை.

இதனினும் கொடிய பிழை ஒன்றுண்டு. அந்திக்கிறிஸ்து என்னும் சொல் விவிலியத்தில் யோவானின் நிருபங்களில் மட்டுமே வருகிறது. அங்கே அது சபைக்குள்ளிருந்தே புறப்பட்டுப் போனவர்களைக் குறிக்கிறது. பிற்காலத்தாரோ அதனைத் தம் எதிரிகள்மீது எறியும் கல்லாக்கினர். எட்டாம் நூற்றாண்டில் டமாஸ்கஸ் யோவான் இஸ்லாத்தை அந்திக்கிறிஸ்துவின் முன்னோடி என்றார். பதினாறாம் நூற்றாண்டில் மார்ட்டின் லூதர் போப்பின் பீடத்தையே அந்திக்கிறிஸ்து என்றார். நம்மவர் மட்டும் விதிவிலக்கா? தமக்கு ஒவ்வாதவரையெல்லாம் தஜ்ஜாலின் கூட்டம் என்று ஏசும் நாவுகள் நம்மிடையேயும் உண்டன்றோ!

இப்லீஸ் ஏன் விரட்டப்பட்டான்? ஆதமைவிடத் தான் உயர்ந்தவன் என்று எண்ணியதால். அப்படியாயின், பிறனைத் தீயவனென்று சுட்டி, அவனைவிட நாம் மேலோர் என்று உள்ளூர மகிழும்போது நாம் யாருடைய பாடத்தை ஒப்பிக்கிறோம்? தீமையை வெளியே தேடும் கண்ணுக்கு அது உள்ளே குடியேறுவது தெரிவதில்லை.

மத்தேயு சுவிசேஷத்தின் 25-ஆம் அதிகாரம் தீர்ப்பின் காட்சியை விவரிக்கிறது. பசித்தவர், தாகித்தவர், அந்நியர், ஆடையற்றவர், நோயாளி, சிறைப்பட்டவர் ஆகியோருக்கு என்ன செய்தீர்கள் என்பதே அங்கு எழும் விசாரணை. அவர்களுக்குச் செய்தது தமக்கே செய்தது என்கிறார் நீதிபதி. ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான ஹதீஸ் குத்ஸி ஒன்றிலும் இறைவன் மறுமையில் மனிதனிடம் நோயாளியைப் பற்றியும், உணவு கேட்டவனைப் பற்றியும், தண்ணீர் கேட்டவனைப் பற்றியும் விசாரிப்பதாக வருகிறது. இரண்டு இடங்களிலும் குற்றம் சாட்டப்பட்டவன் வியந்துபோகிறான். தான் தட்டிக்கழித்த ஏழையின் வாசலிலேயே அந்த வழக்கு பதிவாகியிருந்ததை அவன் அறிந்திருக்கவில்லை.

கியாமத் வந்துவிட்ட வேளையிலும் கையில் ஒரு மரக்கன்று இருந்து, அதனை நட முடியுமாயின் நட்டுவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். மறுமையை மெய்யாக நம்புபவன் வயலைக் கைவிடான். அண்டை வீட்டான் பசித்திருக்கத் தான் உண்டு உறங்கவும் மாட்டான்.