காட்டை அழித்துவிடாதே, தம்பி!

தம்பி, டிராக்டரை நிறுத்து! குச்சிக்கிழங்குக் காட்டை ஓட்டி அழித்துவிட்டு வேறு ஏதாவது வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு கட்டிவிட்டாய். குருத்தெல்லாம் சுருண்டு கொத்துப் பிடித்திருக்கிறது. இலையைத் திருப்பினால் வெள்ளை மாவு. பார்த்தால் யாருக்கும் கை ஓயத்தான் செய்யும். ஆனால் உன் எதிரிக்கு எந்த ஊர், அங்கே அவனை அடக்குகிறவன் யார் என்று ஒருநாளாவது விசாரித்தாயா?

உன் காட்டைப் பிடித்திருக்கும் இந்த மாவுப்பூச்சிக்குப் பிறந்தகம் தென் அமெரிக்கா. உன் கிழங்குக்கும் அதுதான். 1970களின் தொடக்கத்தில் இந்தப் பூச்சி ஆப்பிரிக்காவில் காங்கோ பக்கம் கால் வைத்தது. இதற்கு ஆண் துணையே வேண்டாம். பிறப்பதெல்லாம் பெண், ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கில் முட்டை வைக்கும். நமக்காவது கிழங்கு சேகோ ஆலைக்குப் போகும் சரக்கு. ஆப்பிரிக்கர்களுக்கு அது அன்றாடச் சோறு!

சில ஆண்டுகள் கழித்து, நைஜீரியாவின் இபாதானில் பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனத்தில் இருந்தார் ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிட்சர்லாந்துக்காரர். பிறந்த மண்ணில் இந்தப் பூச்சி ஏன் இப்படி ஆட்டம் போடவில்லை என்பதுதான் அவருடைய கேள்வி. தென் அமெரிக்காவில் தேடினார்கள். முதலில் அகப்பட்டது, அச்சு அசலாக இதைப் போலவே இருந்த வேறொரு பூச்சி! அதன் ஒட்டுண்ணிகள் நம் பூச்சியிடம் பலிக்கவில்லை. அந்த இடத்தில் நீயும் நானும் மூட்டை கட்டியிருப்போம். அவர்கள் கட்டவில்லை. 1981இல் பராகுவேயில் ஆய்வாளர் டோனி பெல்லோட்டி சரியான பூச்சியைக் கண்டுபிடித்தார். அதற்கான எமனும் அங்கேயே இருந்தான்: அனகைரஸ் லோபெசி, எள்ளளவுகூட இல்லாத ஒரு குளவி. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். புழு உள்ளிருந்தே தின்று வளர்ந்து, குளவியாகிக் கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அதே ஆண்டு நைஜீரியாவில் அதை விட்டார்கள். பிறகு நாடு நாடாகப் பரவி ஆப்பிரிக்காவின் கிழங்கைக் காப்பாற்றியது. 1995இல் ஹெரனுக்கு உலக உணவுப் பரிசு.

இங்கே அந்தப் பூச்சி 2020இல் கேரளத்தில் தென்பட்டு, சேலம், நாமக்கல் என்று ஏறி வந்தது. நம்மவர்களும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. பெனின் நாட்டிலிருந்து அந்தக் குளவியைப் பெங்களூருக்கு வரவழைத்து வளர்த்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் பறக்கவிட்டார்கள். பப்பாளி மாவுப்பூச்சியை அடக்க 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து குளவி வந்ததே, மறந்துவிட்டாயா?

உன் தப்பு எது தெரியுமா? பயந்துபோய் வாரத்துக்கு ஒரு மருந்தாக அடிக்கிறாய். மாவுப் போர்வைக்குள் பூச்சி பத்திரமாக இருக்கிறது, செத்து விழுவது குளவி! உன் படையை நீயே கொன்றுவிட்டுத் தோற்றுவிட்டேன் என்று புலம்பினால் யார் கேட்பது?

எழுந்திரு! அடுத்த நடவுக்குப் பூச்சி பிடித்த காட்டுக் குச்சியை ஓசியில் கொடுத்தாலும் தொடாதே. இது ஊர்விட்டு ஊர் போவது பெரும்பாலும் நடவுக் கரணையில்தான். வெயில் காலத்தில் காட்டைக் காயவிடாதே, வறட்சிதான் இதற்குக் கொண்டாட்டம். நாளைக் காலை ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் இறங்கு. கொத்துப் பிடித்த நுனிகளை ஒடித்துச் சாக்கில் போட்டு வெளியே கொண்டுபோய் எரி. பழுப்பேறி உப்பிப்போன பூச்சி ஒட்டியிருந்தால் அந்த நுனியை மட்டும் விட்டுவிடு. உள்ளே உன் ஆள் வளர்கிறான்.